‘சரியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள்: வானில் வந்த கோளாறைத் தரைக்குச் சொல்லும் முறை

‘வலது பேக் சரியில்லை.’ டெக் லாக் என்று எல்லோரும் அழைக்கும் தொழில்நுட்பப் பதிவேட்டில் இப்படி மூன்று சொற்களை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு விமானிகள் ஓட்டலுக்குப் போகும் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அந்த மூன்று சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவன் நான். இரண்டு பயணங்களுக்கு நடுவே விமானம் நிறுத்துமிடத்தில் நிற்கும் நேரத்தில் பழுதைப் பார்த்து, பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் பராமரிப்புப் பொறியாளர். இந்தக் குறிப்புகள் இளம் துணை விமானிகளுக்காகவும் கேபின் பணியாளர்களுக்காகவும் எழுதப்பட்டவை. மூத்த கேப்டன்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பேக் என்பது கேபினுக்குக் குளிர்ந்த காற்றைத் தயாரித்துத் தரும் ஏர் கண்டிஷனிங் தொகுதி. அது சரியில்லை என்றால் என்ன பொருள்? சூடாக வந்ததா, குளிராக வந்ததா? தானாக மூடிக்கொண்டதா, நீங்கள் அணைத்தீர்களா? சத்தமா, வாசனையா? நான் தரையில் அதை இயக்கிப் பார்ப்பேன். சமர்த்தாக ஓடும். பல்வலிக்காரருக்கு மருத்துவர் வாசலை மிதித்ததும் வலி நின்றுவிடுவதுபோல எத்தனையோ கோளாறுகள் சக்கரம் தரையைத் தொட்டதும் மறைந்துவிடுகின்றன. இதில் மாயம் எதுவும் இல்லை. நீங்கள் 36,000 அடியில் ஓட்டியபோது வெளியே சுமார் மைனஸ் 56 டிகிரி செல்சியஸ். உடலுக்குள் காற்றழுத்தம் ஏற்றப்பட்டு விமானத்தின் தோல் விரிந்திருந்தது. எல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. என்னிடம் வந்து நிற்கும் விமானமோ சூடாக, அழுத்தமின்றி, அசையாமல் நிற்கிறது. குளிரில் சுருங்கி விலகிய ஒரு சாலிடர் இணைப்பு இங்கே மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கோளாறு எந்தச் சூழலில் வந்தது என்பதை நீங்கள் எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

முதலில் விமானத்தை ஓட்டுங்கள்

எழுதுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் எழுதக் கூடாத நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியை நெருங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த அத்தனை பேருடைய கவனமும் அந்தச் சிறு பல்பின் மேல் போனது. இதற்கிடையே ஆட்டோபைலட்டின் உயரப்பிடி விலகி, விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்புநிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பல்பு மட்டுமே எரிந்துபோயிருந்தது.

எனவே ஒருவர் ஓட்ட வேண்டும். ஓட்டுவதைத் தவிர வேறெதிலும் அவர் மூழ்கக் கூடாது. மற்றவர் திரையில் வந்த செய்தியைச் சத்தமாகப் படித்து, சரிபார்ப்புப் பட்டியலைத் தொடங்க வேண்டும். ஏர்பஸ்ஸில் ஈகாம் திரையும், போயிங்கின் பல ரகங்களில் ஐகாஸ் திரையும் செய்தியைக் காட்டும். அதற்குரிய நடவடிக்கை திரையிலேயே வரலாம், கையேட்டில் தேட வேண்டியும் இருக்கலாம். மனப்பாடமாகச் செய்ய வேண்டியவை என்று பயிற்சியில் சொல்லித்தரப்பட்ட சிலவற்றைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் படித்தே செய்யுங்கள். திரும்பப் பெற முடியாத பொத்தான் என்றால், எஞ்சின் தீயணைப்புக் கைப்பிடி போல, இருவரும் பார்த்து உறுதிசெய்த பிறகே தொடுங்கள்.

பட்டியல் முடிந்து, விமானம் நிலையாகி, கட்டுப்பாட்டு மையத்திடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்றா? இப்போது ஒரு துண்டுக் காகிதத்தை எடுங்கள். யூ.டி.சி. எனும் உலகப் பொது நேரம், உயரம், வேகம், ஏறிக்கொண்டிருந்தீர்களா இறங்கிக்கொண்டிருந்தீர்களா, சற்று முன் எந்தச் சுவிட்சைத் தொட்டீர்கள் ஆகிய ஐந்தையும் குறியுங்கள். ஐந்தாவதுதான் பெரும்பாலும் விடுபடும். எனக்கு அதுதான் பெரும்பாலும் விடையாக இருக்கும். செய்திகள் பல வந்திருந்தால் வந்த வரிசையிலேயே எழுதுங்கள். ஒரு மின்சுற்று செத்தால் அதை நம்பியிருக்கும் பத்து அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புலம்பும். முதலில் புலம்பியது எது என்பது எனக்கு வேண்டும்.

சர்க்கியூட் பிரேக்கரில் கை வைக்குமுன்

தெறித்து வெளியே வந்த பிரேக்கரைப் பார்த்தால் விரல் தானாக அதை நோக்கிப் போகும். போக விடாதீர்கள். மின்னோட்டம் அளவுக்கு மீறியதால்தான் அது வெளியே வந்தது. திரும்ப அழுத்தினால் எங்கோ சூடாகிக்கொண்டிருக்கும் கம்பிக்கு மறுபடி தீனி போடுகிறீர்கள். எரிபொருள் பம்புகளுக்கான பிரேக்கரை வானில் மீண்டும் அழுத்தவே கூடாது. மற்றவற்றில், பட்டியல் சொன்னாலோ, பாதுகாப்பான பயணத்துக்கு அந்தக் கருவி கட்டாயம் வேண்டும் என்று கேப்டன் முடிவுசெய்தாலோ, அதுவும் உங்கள் நிறுவனத்தின் விதி இடம்கொடுத்தால், ஒரே ஒருமுறை. இரண்டாம் முறை தெறித்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கணினிகளை நிறுத்திவிட்டு மறுபடி இயக்குவதும் இதே கதைதான். தரையில் நாங்கள் பிரேக்கரை இழுத்து மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் செய்வது தரையில். 2014 டிசம்பர் 28 அன்று ஜாவா கடலில் விழுந்த ஏர் ஏஷியா 8501 விமானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியில் ஒரு விரிசல் விட்ட சாலிடர். அதே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. நான்காம் முறை வந்தபோது, சுக்கானைக் கட்டுப்படுத்தும் ஃப்ளைட் ஆக்மென்டேஷன் கணினிகளின் பிரேக்கர்களை இழுத்தால் எப்படிப்பட்ட தடயம் பதிவாகுமோ அதே தடயம் பதிவுக் கருவியில் இருந்தது. ஆட்டோபைலட் விலகியது. அதன் பிறகு விமானம் கட்டுப்பாட்டை இழந்து 162 பேர் மாண்டார்கள். சில நாட்களுக்கு முன் தரையில் ஒரு பொறியாளர் அப்படிச் செய்வதைக் கேப்டன் பார்த்திருந்தார் என்று இந்தோனேசிய விசாரணை அறிக்கை சொல்கிறது.

அந்த அறிக்கையில் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு குட்டு இருக்கிறது. அதே கருவி முந்தைய 12 மாதங்களில் 23 முறை பதிவேட்டில் ஏறியிருந்தது. ஒவ்வொரு முறையும் அது புதுக் கோளாறாகவே பார்க்கப்பட்டு, மறுபடி இயக்கிச் சோதித்து, ‘சரி’ என்று மூடப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் எழுதும்போது பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். அதே கோளாறு முன்பும் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிட்டு ‘மீண்டும்’ என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல் என்னை உட்கார விடாது. வெறுமனே சோதித்து மூடிவிட முடியாது. கம்பி கம்பியாகத் தேட வேண்டியிருக்கும்.

எதையாவது மறுபடி இயக்கியிருந்தால் எப்போது, எத்தனை முறை, பலன் என்ன என்று எழுதுங்கள். கணினியை மறுபடி இயக்கும்போது அதன் நினைவிலிருந்த தடயம் சில சமயம் அழிந்துவிடும். தடயமில்லாத இடத்தில் நான் தேடிக்கொண்டிருப்பதைவிட, ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டு தேடுவது மேல்.

இறங்குவதற்கு முன் சொல்லுங்கள்

ஏகார்ஸ் என்கிற எழுத்துச் செய்தி இணைப்பு வழியாகவோ வானொலியிலோ முன்கூட்டியே சொல்லிவிட்டால், நீங்கள் வந்து நிற்பதற்குள் உதிரிப்பாகமும் ஏணியும் ஆளும் தயாராக இருக்கும். விமானம் தானாகவே சில செய்திகளைத் தரைக்கு அனுப்பிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதிர்வும் வாசனையும் அதற்குத் தெரியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எம்.இ.எல். என்கிற குறைந்தபட்சக் கருவிகள் பட்டியல், எந்தெந்தக் கருவிகள் மட்டும் பழுதாக இருந்தால் கிளம்பலாம் என்று சொல்லும் ஆவணம். அது கிளம்புவதற்கானது. வானில் கோளாறு வந்தால் அதை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு அவசரநிலைக் கையேடுதான் வேதவாக்கு. ஆனாலும் நிலைமை அடங்கியபின் எம்.இ.எல்லைப் புரட்டிப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு: இந்தப் பழுதோடு மீண்டும் கிளம்பவே முடியாது என்று தெரிந்தால், இரண்டு விமான நிலையங்களும் சம பாதுகாப்பானவையாக இருக்கும் பட்சத்தில், பாகங்கள் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்.

எழுதும் முறை

வலது பேக்குக்கே, அதாவது பேக் 2-க்கே, வருகிறேன். நான் படிக்க விரும்பும் பதிவு இது:

‘14:32 யூ.டி.சி., ஏறும்போது 24,000 அடி. எஞ்சின் ஆன்ட்டி-ஐஸ் போட்டுச் சுமார் ஒரு நிமிடத்தில் பேக் 2 ஓவர்ஹீட் செய்தி. பேக் 1 இயல்பு. பட்டியல்படி பேக் 2 அணைக்கப்பட்டது. 15 நிமிடம் கழித்துப் பட்டியல் அனுமதித்தபடி மீண்டும் போடப்பட்டது. 3 நிமிடத்தில் அதே செய்தி. பிறகு இறங்கும்வரை அணைத்தே வைக்கப்பட்டது. சத்தம், வாசனை இல்லை.’

எழுத இரண்டு நிமிடம். எனக்கு மிச்சமாவது ஓர் இரவு. எஞ்சினில் பனிக்கட்டி படியாமல் காக்கும் ஆன்ட்டி-ஐஸ் போட்டதும் வந்தது என்பதால் எஞ்சினிலிருந்து எடுக்கும் சூடான காற்றின் பக்கமும் பார்ப்பேன். பேக் 1 இயல்பு என்பதால் இரண்டுக்கும் பொதுவான பாகங்களைக் கடைசிக்குத் தள்ளுவேன். ஆறவிட்டபின் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தது என்பதால் உண்மையிலேயே சூடாகியிருக்கலாம். சென்சார் உளறியிருந்தால் பெரும்பாலும் போட்டவுடனேயே உளறியிருக்கும். வாசனை இல்லை என்பதும் தகவல். இல்லாததை எழுதுவதை யாரும் கற்றுத்தருவதில்லை.

திரையில் வந்த சொற்களை அப்படியே எழுதுங்கள். உங்கள் சொற்களில் மாற்ற வேண்டாம். ‘காற்றழுத்தப் பிரச்சினை’ என்று சொந்த நடையில் எழுதினால் எங்கள் கையேட்டில் அதற்குப் பக்கமே இல்லை. எங்கள் கையேடுகள் திரைச் செய்தியைக் கொண்டு தேடும்படி அமைந்தவை. எண்களைத் தயங்காமல் எழுதுங்கள். வேகம் இரண்டு பக்கமும் வேறுபட்டதா? கேப்டன் பக்கம் எவ்வளவு, துணை விமானி பக்கம் எவ்வளவு, நடுவிலுள்ள மாற்றுக் கருவி எவ்வளவு? எந்த இரண்டு ஒத்துப்போயின என்று தெரிந்தால் மூன்றாவதைத்தான் நான் கழற்றுவேன். ஒரு பதிவில் ஒரு கோளாறு. இரண்டை ஒரே பதிவில் கோத்தால் ஒன்று சரியானதும் இரண்டும் சேர்ந்து மூடப்பட்டுவிடும் அபாயம் இருக்கிறது.

காரணத்தை நீங்கள் கண்டுபிடித்துத் தர வேண்டாம். ‘வால்வு பழுது’ என்று எழுதினால், வால்வை மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிடும் ஆசை களைத்துப்போன எவருக்கும் வரும். சந்தேகம் வலுவாக இருந்தால், பார்த்ததையெல்லாம் எழுதியபின் கடைசி வரியில் ‘சந்தேகம்’ என்று பெயரிட்டு எழுதுங்கள்.

பார்த்ததை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லயன் ஏர் விமானத்தைவிடக் கசப்பான சான்று இல்லை. 2018 அக்டோபர் 28 இரவு டென்பசாரிலிருந்து ஜகார்த்தா வந்த 737 மேக்ஸ் 8 விமானத்தில் விமானம் தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று கட்டுப்பாட்டுத் தண்டை அதிரவைத்து எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர், கேப்டன் பக்கத்தில் பயணம் நெடுகிலும் அதிர்ந்துகொண்டிருந்தது. மூக்கு தானாகக் கீழே தள்ளப்பட்டதால், மூக்கை ஏற்றி இறக்கிச் சமன்செய்யும் வால் இறக்கையின் மின்சார ட்ரிம்மை அதற்கான சுவிட்சால் துண்டித்துவிட்டு, கைச்சக்கரத்தால் ட்ரிம் செய்தபடி ஓட்டி வந்து பத்திரமாக இறக்கினார்கள். பதிவேட்டில் ஏறியவை வேகமும் உயரமும் இருபக்கமும் ஒத்துப்போகவில்லை என்பதும், ‘ஃபீல் டிஃப் பிரஷர்’ விளக்கு எரிந்தது என்பதும்தான். ஸ்டிக் ஷேக்கர் இல்லை. ட்ரிம்மைத் துண்டித்ததும் இல்லை. எழுதியிருந்ததற்கு ஏற்பப் பொறியாளர் காற்றளவைக் குழாய்த் தொகுதிகளைச் சுத்தம் செய்தார், எலிவேட்டர் ஃபீல் கணினியின் இணைப்பைத் துடைத்து மாட்டினார், சோதித்தார். தரையில் எல்லாம் சரியாக இருந்தது. கோளாறோ, அந்தப் பயணத்துக்கு முன் டென்பசாரில் பொருத்தப்பட்ட, 21 டிகிரி பிசகாக அளவமைக்கப்பட்ட ஆங்கிள் ஆஃப் அட்டாக் (காற்றை இறக்கை சந்திக்கும் கோணம்) சென்சாரில் இருந்தது. மறுநாள் காலை அதே விமானம் 189 பேருடன் கடலில் விழுந்தது. அந்த விபத்துக்கு வடிவமைப்பு முதல் பயிற்சி வரை பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பக்கத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்த இரவு பொறியாளரின் கைக்கு வந்தது அந்த ஒரு பக்கம்தான்.

நீங்கள் செய்த அசாதாரணமான எதையும் எழுதுங்கள் என்பது இதனால்தான். சமாளித்துவிட்டோம் என்பதால் அது சாதாரணமாகிவிடாது.

எழுதத் தயங்குபவை

பலமாகத் தரையிறங்கியது, அனுமதித்த எடைக்கு மேல் தரையிறங்கியது, ஃப்ளாப் இறக்கியபின் வேகம் மீறியது, கடும் காற்றுக்கொந்தளிப்பு, மின்னல், பறவை மோதியது, வால் உரசியது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆய்வு முறை இருக்கிறது. பதிவேட்டில் வரி இருந்தால்தான் அந்த ஆய்வு தொடங்கும். வெட்கம் வேண்டாம். பதிவுக் கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் சில நாள் கழித்து அது சொல்லும். அந்தச் சில நாட்களிலும் விமானம் ஆட்களோடு பறந்துகொண்டிருக்கும் என்பதுதான் தொல்லை. ஃப்ளாப் விஷயத்தில் எத்தனை நாட் வேகம், ஃப்ளாப் எந்த நிலையில் என்ற இரண்டையும் எழுதுங்கள். எவ்வளவு மீறியது என்பதைப் பொறுத்து ஆய்வின் ஆழம் மாறும்.

‘தகவலுக்கு மட்டும்’ என்று தலைப்பிட்டு எழுதும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கோளாறு என்றால் கோளாறு. இல்லையென்றால் பக்கத்தை வீணாக்க வேண்டாம். அதைவிட மோசமானது துண்டுச் சீட்டு, அதைவிடவும் மோசமானது படிக்கட்டில் கிசுகிசுப்பது: ‘பிரேக் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது, எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.’ எழுதாததற்கு நான் எந்த வேலையைச் செய்து எதன்மேல் கையெழுத்திடுவது? மூல நிலையத்துக்குத் திரும்பும் கடைசிப் பயணத்தில் மட்டும் கோளாறுகளெல்லாம் ஒரேயடியாகப் பூத்துக் குலுங்கும் விமானங்களைப் பார்த்திருக்கிறேன். பயணம் முடியும்போது தெரிந்த கோளாறுகளையும் சந்தேகப்படும் கோளாறுகளையும் தெரிவிப்பது கேப்டனின் பொறுப்பு என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6ஆம் இணைப்பு சொல்கிறது. அந்தப் பயணம் முடியும்போது என்றுதான் பொருள். ஊர் போய்ச் சேர்ந்தபின் என்றல்ல.

கேபினில்

திரை உடைந்த இருக்கை, சூடாகாத அடுப்பு போன்றவை கேபின் பதிவேட்டில் ஏறினால் போதும். அவசரகால விளக்கு, சறுக்குப்பாதை, ஆக்ஸிஜன் முகமூடி, கழிவறைப் புகையுணர்வி, பணியாளர் இருக்கையின் பட்டி, அறிவிப்பு ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கேப்டனிடம் சொல்லி டெக் லாக்கில் ஏற்றுங்கள். அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் பின்சாய்ந்து நிமிராத இருக்கையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வாசனை வந்தால் மூக்கை நம்பி எழுதுங்கள். எரிந்த பிளாஸ்டிக் வாடையும் அழுக்குக் காலுறை வாடையும் ஒன்றல்ல. முதலாவது மின்கம்பியை நினைவூட்டும். இரண்டாவது எஞ்சின் எண்ணெய் காற்றோடு கலந்துவிட்டதை. எந்த வரிசையில் முதலில் வந்தது, எஞ்சின் வேகத்தைக் கூட்டியபோது அதிகரித்ததா, எவ்வளவு நேரம் இருந்தது, யாருக்காவது கண்ணோ தொண்டையோ எரிந்ததா? இவை வேண்டும். ‘துர்நாற்றம்’ என்று மட்டும் எழுதினால் நான் கழிவறையிலிருந்து ஆரம்பிப்பேன்.

பயணியின் கைப்பேசி மின்சார இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை அசைக்காதீர்கள், பயணியையும் அசைக்க விடாதீர்கள். நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். எடுக்க முடியவில்லை என்றால் இருக்கை எண்ணோடு எழுதுங்கள்.

தண்ணீர்க் கசிவை அலட்சியப்படுத்தாதீர்கள். 2008 ஜனவரியில் பாங்காக்கை நெருங்கிய குவாண்டாஸ் 747 ஒன்றில், கேலி எனப்படும் விமானச் சமையலிடத்திலிருந்து வழிந்த தண்ணீர் கீழே மின்னணுக் கருவிகள் இருக்கும் அறைக்குள் இறங்கி, நான்கு ஜெனரேட்டர்களில் மூன்றின் மின்சாரத்தை நிறுத்திவிட்டது. கம்பளம் ஈரமாக இருப்பது பயணியின் காலுறைக்கு மட்டுமான தொல்லை அல்ல.

நின்றபின்

மின்சாரத்தை அணைக்குமுன் நான் வந்து திரையைப் பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். ஏர்பஸ் என்றால் பயண முடிவு அறிக்கையை அச்செடுத்துப் பதிவேட்டோடு வையுங்கள். பெரிய சம்பவம் என்றால் காக்பிட் குரல்பதிவியின் பிரேக்கரை இழுத்து வைப்பது உங்கள் நிறுவன நடைமுறைப்படி யார் வேலை என்று முன்பே தெரிந்துவைத்திருங்கள். பல விமானங்களில் அது கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்துக்கொண்டு பழையதை அழித்துக்கொண்டே போகும். சம்பவ அறிக்கை என்பது டெக் லாக்கிலிருந்து தனியானது; ஒன்றை எழுதியதால் மற்றது தானாக நடந்துவிடாது. ஐரோப்பிய விதியில் அதற்கு 72 மணி நேரக் கெடு உண்டு.

அடுத்து ஏறுபவர்களுக்கு

ஒத்திவைத்த பழுதுகளின் பட்டியலைப் படிக்கும்போது கெடுவைப் பாருங்கள். எம்.இ.எல்லில் பி வகைக்கு 3 நாட்கள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. கண்டறிந்த நாள் இதில் சேராது. ஏ வகைக்கான கெடு அந்தந்தக் கருவிக்கு எதிரிலேயே எழுதியிருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஒத்திவைப்புகள் சேர்ந்து உங்கள் இன்றைய பாதைக்கும் வானிலைக்கும் ஒத்துவருமா என்பதை எம்.இ.எல். சொல்லாது, அதைக் கேப்டன்தான் யோசிக்க வேண்டும்.

‘தரையில் சோதிக்கப்பட்டது, கோளாறு காணப்படவில்லை’ என்று நாங்கள் எழுதியிருந்தால், அதை எழுத்துக்கு எழுத்து நம்புங்கள்: தரையில், காணப்படவில்லை. அது திரும்பி வரலாம் என்று எண்ணி, அதற்கான பட்டியலைக் கிளம்புமுன் ஒருமுறை படித்துவையுங்கள்.

எந்த அமைப்பில் நாங்கள் கை வைத்தோமோ அதன் சுவிட்சுகளை நீங்கள் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். 2005 ஆகஸ்ட் 14 அன்று ஹீலியோஸ் 522 விமானம் கிளம்புவதற்கு முன், முந்தைய குழு எழுதிய பின்கதவுப் புகாருக்காகக் காற்றழுத்தச் சோதனை நடந்தது. சோதனைக்காக ‘மேனுவல்’ நிலைக்கு மாற்றப்பட்ட சுவிட்ச் அங்கேயே இருந்தது. கிளம்பும் குழுவின் கண்ணிலும் படவில்லை. கேபினில் அழுத்தம் ஏறாமல் போய் 121 பேர் இறந்தார்கள். பதிவேட்டில் என் வேலை பராமரிப்புக் கையேட்டின் எந்த அத்தியாய எண்ணில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்: 21 என்றால் காற்றும் அழுத்தமும், 27 என்றால் கட்டுப்பாட்டுப் பரப்புகள், 28 எரிபொருள், 32 சக்கரங்கள். அந்த அமைப்பின் சுவிட்சுப் பலகையில் வரிசையாக விரல் வைத்துப் பாருங்கள். புரியாத வரி இருந்தால் கிளம்புமுன் பராமரிப்புக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டுக் கையெழுத்துக்குப் பக்கத்திலுள்ள உரிம எண்ணைச் சொல்லுங்கள். அந்த வேலையைச் செய்தவரைப் பிடித்துத் தருவார்கள், தூக்கத்திலிருந்து எழுப்பியாவது.